கரி உலையா, கேஸ் உலையா? கொல்லுப்பட்டறைக்கு உலை தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிவாள், மண்வெட்டி, கோடாலி, உளி, கத்தி அடிக்கும் சிறு பட்டறைகளையும், புதிதாகக் கொல்லுவேலை பழக வருகிறவர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கேஸ் என்று சொல்லும் இடமெல்லாம் சிலிண்டரில் வரும் எல்பிஜிதான்.

எந்த உலையில் சூடு அதிகம்?

கரி உலையில்தான். ஆனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாதா இரும்பை அடிக்க 900 முதல் 1,250 டிகிரி செல்சியஸ் போதும். லாரி பட்டை போன்ற ஸ்பிரிங் எஃகுக்கு 850 முதல் 1,100 வரைதான் நல்லது. அதற்கு மேல் போனால் எஃகு கெடும். ஒழுங்காகக் கட்டிய கேஸ் உலை 1,250 டிகிரியைத் தாண்டும். கரி உலையில் காற்றைக் கூட்டினால் இரும்பையே உருக்கிவிடலாம். கவனம் தப்பினால் பொறி பறந்து நுனி எரிந்துபோவதும் அதனால்தான். ஆக, அடிப்பதற்கு வேண்டிய சூடு இரண்டிலும் கிடைக்கும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

செய்யும் பொருளின் வடிவம் முதலில். ஒரு நாளில் எத்தனை மணி நேரம், ஒரே உருப்படியை எத்தனை முறை அடிக்கிறீர்கள் என்பது அடுத்தது.

கேஸ் உலை ஒரு மூடிய அறை. வாய் வழியாக நுழைவதைத்தான் அது காய்ச்சும். நேரான உளி, கடப்பாரை நுனி, கத்தி, கொக்கி, ஆணி, கேட்டுக்கான கம்பி வேலை எல்லாம் அதற்குள் சுலபமாகப் போகும். நான்கைந்து துண்டுகளை வரிசையாக உள்ளே வைத்து, ஒன்றை அடிக்கும்போதே மற்றவை காயும்படி வேலை பார்க்கலாம். வளைந்த பெரிய அரிவாள், அகன்ற மண்வெட்டித் தகடு, வளையம் போன்றவை நுழையாது. வாயைப் பெரிதாக்கினால் சூடு வெளியே போய்விடும், கேஸ் செலவு எகிறும்.

கரி உலை திறந்த தீ. எந்த வடிவமானாலும் வேண்டிய இடத்தை மட்டும் நெருப்புக்குள் நுழைத்து, மீதியை வெளியே விடலாம். அரிவாளின் வளைவில் ஒரு சாண் நீளத்தை மட்டும் பழுக்க வைத்துத் திருத்துவது கரி உலையில் சாதாரண வேலை. கேஸ் உலையில் அதே இடத்தோடு அக்கம்பக்கமும் சேர்ந்து பழுத்து, அடிக்கும்போது வேண்டாத இடத்தில் வளையும். திருப்பாச்சேத்தி போன்ற அரிவாளுக்குப் பேர்போன ஊர் வேலைக்குக் கரித்தீ பொருந்துவதன் காரணம் பழக்கம் மட்டுமல்ல, பொருளின் வளைவும்தான்.

எனவே விவசாயக் கருவிகளும் பழுது வேலையும் கலந்து வரும் பட்டறைக்குக் கரி உலை. ஒரே அளவில் நூறு உளி, ஐம்பது கத்தி என்று ஆர்டர் எடுக்கும் பட்டறைக்கு கேஸ் உலை. இரண்டும் வருமானால் இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி. சிறிய கேஸ் உலைக்கு ஒரு ஸ்டூல் அளவு இடம் போதும்.

நிலக்கரி ஏன் நம் பட்டறைகளில் குறைவு?

கொல்லுவேலைக்கு வேண்டியது சாம்பலும் கந்தகமும் குறைவான, எரியும்போது ஒட்டிக் கோக்காக (புகை போனபின் மிஞ்சும் கெட்டிக் கரியாக) மாறும் நிலக்கரி. ஜார்க்கண்டின் ஜாரியா சுரங்கப்பகுதி அப்படிப்பட்ட கோக்கிங் நிலக்கரிக்குப் பேர்போனது. ஆனால் சில்லறையில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் செங்கல் சூளைக்கும் பாய்லருக்கும் போகும் ரகம். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 சதவீதத்துக்கு மேல் இருப்பது சகஜம். அந்தச் சாம்பல் உருகி உலையடியில் கிட்டமாக உறைந்து காற்று வழியை அடைக்கும்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி வேண்டவே வேண்டாம். அதில் பாதியளவு ஈரம். ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் நல்ல மரக்கரியில் பாதிகூட இல்லை. மின்நிலையத்துக்கு அது சரி, உலைக்கு ஆகாது.

கோக் கிடைத்தால் அது நல்ல எரிபொருள். புகை இல்லை, சூடு அதிகம். ஆனால் பற்ற வைக்க மரக்கரி வேண்டும், காற்றை நிறுத்திய சில நிமிடங்களில் அணைந்துவிடும். நாள் முழுக்க ஓடும் உலைக்குத்தான் அது ஏற்றது. கந்தகம் மிகுந்த நிலக்கரியில் காய்ச்சிய இரும்பு, பழுத்த நிலையில் அடிக்கும்போது விரிசல் விடும். எஃகு நன்றாக இருந்தும் அடிக்கும்போது உதிர்கிறது என்றால் முதலில் எரிபொருளைச் சந்தேகியுங்கள்.

மரக்கரியில் எது நல்லது?

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரிதான் பெரும்பாலும் கிடைக்கும். உலைக்கு அது நல்ல கரி. கெட்டியாக இருக்கும், நின்று எரியும். ஒரு துண்டை எடுத்துக் கல்லில் தட்டுங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நன்கு வெந்தது. மந்தமாக ஒலித்து, உடைத்தால் உள்ளே பழுப்பு நிறம் தெரிந்தால் அரைவேக்காடு. புகையும், வெடித்துத் தெறிக்கும். எடைக்கு வாங்குவதால் ஈரக்கரிக்குக் கொடுக்கும் காசு தண்ணீருக்குப் போகிறது. மழைக்காலத்தில் சாக்கை ஓரமாகக் கிழித்துப் பார்த்து வாங்குங்கள்.

துண்டு 2 முதல் 3 செ.மீ. அளவில் இருக்கட்டும். பெரிய துண்டுகளுக்கு இடையே காற்று ஓடி இரும்பில் செதில் (ஆக்ஸிஜன் பட்டு உரியும் மேல்தோல்) கட்டும். தூளாக இருந்தால் காற்று ஏறாது. கரியை உடைத்துச் சல்லடையில் சலிப்பது சலிப்பான வேலைதான், ஆனால் அதைத் தவிர்ப்பவர்களின் உலைதான் எப்போதும் மக்கர் செய்யும்.

கொட்டாங்கச்சிக் கரி சூடு அதிகம், சாம்பல் குறைவு. மெல்லிய சில்லுகளாக இருப்பதால் அடுக்கிப் படிந்துவிடும். மரக்கரியோடு கலந்து போட்டால் நன்றாக எரியும்.

கரி உலையை எந்த அளவில் கட்டுவது?

ஒரு ஆள் அடிக்கும் உலைக்குக் குழி 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 12 செ.மீ. ஆழம் போதும். செங்கல் அடுக்கி, களிமண்ணோடு மணலும் கொஞ்சம் சாம்பலும் பிசைந்து பூசுங்கள். நின்று அடிப்பவருக்கு மேடை இடுப்புக்குச் சற்றுக் கீழே, சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும்.

காற்றுக் குழாய் ஒன்றரை அங்குல இரும்புக் குழாய். அதைப் பக்கவாட்டிலிருந்து, குழியின் அடியிலிருந்து 4 முதல் 5 செ.மீ. மேலே நுழையுங்கள். கீழே விட்ட அந்த இடத்தில்தான் கிட்டம் தங்கும், காற்று வழியை அடைக்காது. குழாயின் மூக்கு தீயில் கரையும் என்பதால் அதன் முனையைக் களிமண்ணால் தடிமனாக மூடி, தேயத்தேயப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

துருத்திக்குப் பதில் இப்போது கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல வாய் மின் புளோவர் போதும். ஆனால் அதை அப்படியே மாட்டாதீர்கள். மரக்கரிக்கு அது தரும் காற்று மிக அதிகம். புளோவருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கேட் வால்வோ, தள்ளித் திறக்கும் தகடோ வையுங்கள். கரி மளமளவென்று தீர்கிறது, பொறி கூரைவரை போகிறது என்றால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். கூரை கீற்றாக இருந்தால் உலைக்கு மேலே தகரம் அடிக்காமல் தீ மூட்டவே கூடாது.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் இரும்பில் செதிலாக உரிகிறது. ஏன்?

இரும்பைக் காற்று மூக்குக்கு நேராக வைத்திருக்கிறீர்கள். மூக்கின் அருகே ஆக்ஸிஜன் மிச்சமிருக்கும். அங்கே இரும்பு வேகமாகச் சூடேறும், அதே வேகத்தில் செதிலாகவும் மாறும். மூக்கு மட்டத்திலிருந்து 8 முதல் 10 செ.மீ. மேலே, ஆக்ஸிஜன் கரியோடு சேர்ந்து தீர்ந்துபோன இடத்தில் இரும்பைப் படுக்க வைத்து, மேலேயும் கரி போட்டு மூடுங்கள். இரும்புக்குக் கீழே எப்போதும் ஒரு கைப்பிடி உயரக் கரியாவது கனன்றுகொண்டிருக்க வேண்டும். கரி எரிந்து தாழத் தாழ இரும்பும் மூக்கை நோக்கி இறங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

பழுக்காமல் மந்தமாகவே இருந்தால் காற்றை நிறுத்தி, அடியில் கம்பியை விட்டுப் பாருங்கள். கண்ணாடி போல் இறுகிய கிட்டம் கையில் தட்டுப்படும். இரண்டு நிமிடம் ஆறவிட்டால் ஒரே கட்டியாகக் குறட்டில் வந்துவிடும்.

கேஸ் உலைக்கு எத்தனை பர்னர் வேண்டும்?

உள்ளறையின் கொள்ளளவைக் கணக்கிடுங்கள். முக்கால் அங்குலக் குழாயில் செய்த வெஞ்சுரி பர்னர் (பீறிடும் கேஸே காற்றை இழுத்துக்கொள்ளும், புளோவர் வேண்டாத வகை) ஒன்று சுமார் 5.5 லிட்டர் அறையை அடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரும். அரை அங்குல பர்னர் இரண்டு லிட்டர் வரை. உட்புற விட்டம் 15 செ.மீ., நீளம் 30 செ.மீ. என்றால் 5.3 லிட்டர், முக்கால் அங்குல பர்னர் ஒன்று போதும். விட்டத்தை 20 செ.மீ. ஆக்கினால் அதே நீளத்துக்கு 9.4 லிட்டர் ஆகிவிடும், இரண்டு பர்னர் வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருக்கட்டுமே என்று விட்டத்தைக் கூட்டுவதுதான் முதல் உலை கட்டுபவர்கள் செய்யும் பெரிய தவறு. விட்டம் கூடினால் கொள்ளளவு அதன் வர்க்கத்தில் கூடும், கேஸ் செலவும் கூடவே ஏறும்.

கேஸ் பீறிடும் ஜெட்டுக்கு 0.8 அல்லது 0.9 மி.மீ. கம்பிக்கான மிக் வெல்டிங் டிப் பொருந்தும். அதன் துளை பர்னர் குழாயின் நடுக்கோட்டை நேராகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் தீ உலைச் சுவரில் ஓர் இடத்தை மட்டும் தாக்கும், காற்றும் சரியாக இழுக்காது. பர்னரை அறைக்குள் நேராக நடுவில் இறக்காமல் ஓரமாகச் சாய்த்து வைத்தால், தீ சுவரை ஒட்டிச் சுழன்று சூடு சமமாகப் பரவும்.

குழாய் கறுப்பு இரும்பாக இருக்கட்டும். ஜிஐ குழாயில் துத்தநாகப் பூச்சு உண்டு. சூடானால் வெளிவரும் வெள்ளைப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். கரி உலையில் ஜிஐ பழைய இரும்பைப் போட்டாலும் இதே கதைதான்.

உள்ளே என்ன பூசுவது?

செராமிக் ஃபைபர் பிளாங்கெட் (சூடு தாங்கும் பஞ்சு விரிப்பு), கனமீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி, 25 மி.மீ. தடிமன், இரண்டு அடுக்கு. மேலே சில்லிக்கா கரைசல் தெளித்து இறுக வைத்து, அதற்கு மேல் 5 முதல் 10 மி.மீ. தடிமனில் ரிஃப்ராக்டரி சிமென்ட் பூசுங்கள். பூச்சு இல்லாமல் பஞ்சைத் திறந்து விடக் கூடாது: சூட்டில் நொறுங்கிப் பறக்கும் இழை நுரையீரலுக்குக் கெடுதி. பஞ்சை வெட்டும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

பூச்சை ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பிறகு பர்னரைச் சில நிமிடம் எரித்து அணைத்து, மீண்டும் எரித்து அணைத்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஈரத்தோடு முழுச் சூடு கொடுத்தால் நீராவி பூச்சைப் பெயர்த்துவிடும். வெறும் சாதாச் செங்கல்லால் கேஸ் உலை கட்டினால் செங்கல்லைச் சூடாக்கவே பாதி கேஸ் போகும்.

வீட்டுச் சிலிண்டரும் அடுப்பு ரெகுலேட்டரும் போதாதா?

போதாது, அனுமதியும் கிடையாது. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள். அடுப்பு ரெகுலேட்டர் கேஸை 30 மில்லிபார் அழுத்தத்தில்தான் விடும். உலை பர்னருக்கு 0.2 முதல் 1 பார், அதாவது 3 முதல் 15 பிஎஸ்ஐ வேண்டும். எனவே கூட்டிக் குறைக்கக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரும் அழுத்தமானியும் தேவை. குழாய் ஐஎஸ் 9573 முத்திரை உள்ள எல்பிஜி ரப்பர் குழாயாக இருக்கட்டும்.

சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் திரவமே குழாயில் வந்துவிடும். உலையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் உலைக்குழியோ கழிவுநீர்த் தொட்டியோ இருக்கும் பக்கம் சிலிண்டர் நிற்கக் கூடாது. இணைப்பு மாற்றும்போதெல்லாம் சோப்பு நுரை தடவிப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டியதும் சிலிண்டரில் வெண்பனி பிடித்துத் தீ சோர்கிறது. சிலிண்டர் கோளாறா?

இல்லை. உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகத் தன் சூட்டையே பயன்படுத்துவதால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்குகிறது. சிலிண்டர் பாதிக்கு மேல் காலியானால் இது சீக்கிரமே வரும். இரண்டு சிலிண்டரை ஒரே இணைப்பில் கோத்து ஒருசேர எடுத்தால் சுமை பாதியாகும். சிலிண்டர் மேல் கொதிநீர் ஊற்றுவதோ அருகே நெருப்பு வைப்பதோ தற்கொலைக்குச் சமம். சாதாரண தண்ணீர் உள்ள அகலத் தொட்டியில் நிறுத்தினால் போதும்.

கேஸ் தீ சரியாக எரிகிறதா என்று எப்படித் தெரியும்?

பர்னர் முனையில் தெளிவான நீலத்தீ, வாயில் சின்னதாக மங்கலான நாக்கு: இதுதான் சரி. வாய்க்கு வெளியே நீளமாக மஞ்சள் நாக்கு நீண்டால் காற்று குறைவு. கேஸ் வீணாகி வெளியே எரிகிறது, கார்பன் மோனாக்சைடும் கூடும். வாயில் நாக்கே இல்லாமல், உள்ளே சத்தம் மட்டும் பலமாக இருந்து, இரும்பில் தடித்த செதில் கட்டினால் காற்று அதிகம். காற்றுத் தகட்டைக் கொஞ்சம் மூடுங்கள். நாக்கு சற்று மிச்சமிருக்கும்படி வைப்பது எஃகுக்கு நல்லது.

'டப் டப்' என்று உள்ளே இடித்தால் தீ குழாய்க்குள் ஏறிவிட்டது. அழுத்தம் மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது பர்னர் குழாயே சூடாகியிருக்கலாம். சிலிண்டரை மூடி, குழாய் ஆறிய பிறகே மறுபடி பற்ற வையுங்கள்.

பற்ற வைக்கும் வரிசை: கதவைத் திற, எரியும் காகிதத்தை உள்ளே வை, பிறகு கேஸைத் திற. இந்த வரிசை மாறினால் அறை முழுக்க நிரம்பிய கேஸ் ஒரே அடியாகப் பற்றி முகத்துக்கு வரும்.

செலவில் எது குறைவு?

உள்ளூர் விலையை வைத்து நீங்களே கணக்கிடலாம். முக்கால் அங்குல ஒற்றை பர்னர் வேலைச் சூட்டில் மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கேஸ் எடுக்கும். 19 கிலோ சிலிண்டர் இரண்டு, இரண்டரை வேலைநாளுக்கு வரும். அதே அளவு வேலைக்குச் சிறு கரி உலை மணிக்கு 2 முதல் 3 கிலோ மரக்கரி தின்னும். ஒரு கிலோ வணிகக் கேஸின் விலை, ஒரு கிலோ கரியின் விலையைப் போல சுமார் இரண்டரை மடங்காக இருந்தால் எரிபொருள் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

ஆனால் அந்தக் கணக்கு அங்கே முடிவதில்லை. கேஸ் உலையில் ஒரே ஒரு துண்டை வைத்து, அதை அடிக்கும் நேரம் முழுக்க வெறுமனே எரிய விட்டால் நஷ்டம்தான். மூன்று நான்கு துண்டைச் சுழற்சியில் வைத்தால் லாபம். கரி உலையில் காற்றை நிறுத்தினால் செலவும் பெருமளவு நின்றுவிடும். பழுதுக்கு ஆள் வந்தால் வேலை, வராவிட்டால் சும்மா என்று நடக்கும் ஊர்ப்பட்டறைக்கு அதனால்தான் கரி கட்டுப்படியாகிறது.

தோய்ச்சல் போட (பழுக்க வைத்து எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்க) எது வசதி?

நீளக் கத்தியைச் சமமாகச் சூடாக்க கேஸ் உலை நல்லது. உள்ளே ஒரு தடித்த இரும்புக் குழாயை வைத்து, அதற்குள் கத்தியை விட்டால் தீ நேரடியாகப் படாமல் ஒரே சீராகப் பழுக்கும். கரி உலையில் செய்யும்போது காற்றைப் பாதிக்கும் கீழே குறைத்து, கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுனி முந்திக்கொள்ளும்.

எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்கு மேலே இன்னும் ஒரு படி சிவக்க விட்டு, லாரி பட்டை எஃகை எண்ணெயில் தோய்க்கலாம். தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் விரிசல் விடும். நிறம் பார்க்கும் வேலையை வெயிலில் செய்யாதீர்கள். தோய்த்த பிறகு மெதுவாக மறுபடி சூடேற்றும்போது, தேய்த்துப் பளபளப்பாக்கிய பக்கத்தில் வைக்கோல் மஞ்சள் வந்தால் சுமார் 220 டிகிரி: கத்தி வாய்க்குச் சரி. அரிவாள், கோடாலி போல் அடி வாங்கும் பொருளுக்கு ஊதா, நீலம் வரை போகலாம்.

இரும்போடு எஃகை வைத்து உலையிலேயே ஒட்ட முடியுமா?

இரண்டிலும் முடியும், கரியில் எளிது. கேஸில், ஒட்டும் இடத்தைச் சுத்தமாக வைக்க வெங்காரம் (போராக்ஸ்) தூவும்போது அது உருகிக் கீழே வழிந்து பஞ்சைக் கரைத்து ஓட்டையாக்கும். அடியில் உயர் அலுமினாத் தட்டு ஒன்றைப் போட்டு, அது கெட்டதும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால்?

வெஞ்சுரி பர்னருக்கு மின்சாரம் வேண்டாம். புளோவர் வைத்த கேஸ் பர்னரில் ஆபத்து இருக்கிறது: காற்று நிற்கும், கேஸ் நிற்காது. மின்சாரம் போனதும் தானே மூடும் சொலினாய்டு வால்வு இல்லாமல் அதை ஓட்டாதீர்கள். கரி உலைக்குக் கையால் சுற்றும் புளோவர் ஒன்று மூலையில் இருக்கட்டும்.

கேஸில் புகை இல்லையே, அறையை மூடிக்கொண்டு வேலை செய்யலாமா?

கூடாது. கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு இரண்டு உலையிலும் வரும். தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு, அதில் ஒன்று தரையை ஒட்டி இருப்பது நல்லது. கரி உலைக்கு 25 முதல் 30 செ.மீ. விட்டப் புகைபோக்கி வையுங்கள். அதைவிடக் குறுகினால் புகை திரும்பி முகத்துக்கே வரும்.

பழைய சிலிண்டர் ஓட்டை வெட்டி கேஸ் உலைக்குக் கூடாக்கலாமா?

எல்பிஜி சிலிண்டர்கள் எண்ணெய் நிறுவனங்களின் சொத்து, வெட்டி எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேறு ஏதாவது பழைய கலம், ஏர் கம்ப்ரசர் தொட்டி, தடித்த குழாய் கிடைத்தால் பயன்படுத்தலாம். எதுவானாலும் உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் கிரைண்டர் வைக்கக் கூடாது. வால்வைக் கழற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, காலி செய்து, திரும்பவும் நிரப்பி, தண்ணீர் உள்ளே இருக்கும்போதே முதல் வெட்டைப் போடுங்கள். அதன்பின் உட்புறப் பெயின்டையும் வெளிப்பெயின்டையும் சுரண்டிவிட்டே பஞ்சை ஒட்டுங்கள். 15 செ.மீ. உள்விட்டம் வேண்டுமானால் கூட்டின் விட்டம் குறைந்தது 27 செ.மீ. இருக்க வேண்டும்: இரு பக்கமும் பஞ்சும் பூச்சும் சேர்ந்து 6 செ.மீ. எடுத்துக்கொள்ளும்.